செட்டிநாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு: முதல் சில மாதங்களுக்கு எந்த அட்டை?

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கத்திலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் சிங்கப்பூர் செல்பவர்கள், விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் அலைகிற அலைச்சலில் பணம் செலுத்தும் அட்டையைப் பற்றி யோசிக்க நேரம் ஒதுக்குவதில்லை. இருக்கிற அட்டையைப் பர்சில் வைத்துக்கொண்டு திருச்சி விமான நிலையத்துக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். அங்கே போய் இறங்கியபின், உள்ளூர் வங்கியில் கணக்குத் திறந்து முதல் சம்பளம் அதில் வந்து சேரும்வரை, அறை வாடகைக்கான முன்பணம், கைப்பேசி இணைப்பு, பாத்திரம் பண்டம், அன்றாடச் சாப்பாடு என்று எல்லாச் செலவும் இந்தியாவிலிருந்து எடுத்துப்போன அட்டையின் தலையில்தான் விழுகிறது. அந்த இடைக்காலத்துக்கான வழிகாட்டி இது. சிங்கப்பூரை வைத்தே எழுதியிருக்கிறேன் என்றாலும், மலேசியாவுக்கும் துபாய்க்கும் செல்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வங்கியில் எல்லோரும் கேட்கிற கேள்வி, "இந்தக் கார்டு வெளிநாட்டில் வேலை செய்யுமா?" என்பது. செய்யும் என்று பதில் வந்தவுடன் திருப்தியோடு எழுந்து வந்துவிடுகிறோம். ரூபாய் எந்த இடத்தில் வெள்ளியாக (சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழில் அப்படித்தான் சொல்வார்கள்) மாறுகிறது, அதை மாற்றுகிறவர் யார், அவர் எடுத்துக்கொள்ளும் பங்கு எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் அட்டையின் தரம் தெரியும். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கிட்டங்கி வைத்து, பற்று வரவைக் காசு விடாமல் பேரேட்டில் ஏற்றிய ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அட்டை என்று வந்துவிட்டால், மாதாமாதம் வரும் கணக்கு அறிக்கையைத் திறந்து பார்ப்பவர்களே நம்மில் குறைவு.

இந்திய வங்கிகள் தரும் டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு இரண்டிலும், வெளிநாட்டு நாணயத்தில் செலவு செய்யும்போது பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம் வரை 'மார்க்கப்' என்ற பெயரில் ஒரு கட்டணம் சேரும். அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 100 வெள்ளிக்குச் சாமான் வாங்கினால் அடக்கம் 6,500 ரூபாய், 3.5 சதவீத மார்க்கப் 227.50 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 40.95 ரூபாய், ஆக மொத்தம் 268.45 ரூபாய் கூடுதலாகப் போகிறது. அதாவது 3.5 என்று எழுதியிருக்கும் கட்டணம் உண்மையில் 4.13 சதவீதம். மாதம் 2,000 வெள்ளி செலவாகும் ஒருவருக்கு இதுவே 5,369 ரூபாய். விசாவும் மாஸ்டர்கார்டும் தாங்கள் அன்றன்றைக்குப் பயன்படுத்தும் மாற்று விலையைத் தங்கள் இணையதளங்களில் வெளியிடுகின்றன. அதைக் கணக்கு அறிக்கையில் உள்ள ரூபாய்த் தொகையோடு ஒப்பிட்டால், உங்கள் வங்கி எடுத்துக்கொண்ட பங்கு வெளிச்சமாகிவிடும். கடையில் பணம் கட்டிய நாளின் விலையே போடப்படும் என்று சொல்ல முடியாது. ஓரிரு நாள் கழித்துக் கணக்கு முடியும்போது உள்ள விலையும் போடப்படலாம் என்பதால் சில்லறை வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். மார்க்கப் இல்லாத, அல்லது 2 சதவீதத்துக்குள் அடங்கும் அட்டைகளைத் தரும் வங்கிகளும் உண்டு. அவற்றின் ஆண்டுக் கட்டணம், குறைந்தபட்ச இருப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தபிறகே லாபமா நட்டமா என்று முடிவு செய்ய வேண்டும்.

முன்கூட்டியே வெளிநாட்டு நாணயத்தை நிரப்பிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். நிரப்பும் நாளின் விலை அப்படியே நின்றுவிடுவதும், சேமிப்புக் கணக்கோடு தொடர்பில்லாததால் அட்டை தொலைந்தாலும் அதில் உள்ள தொகைக்கு மேல் ஆபத்து இல்லாததும் அதன் நல்ல பக்கங்கள். ஆனால் 'மார்க்கப் இல்லை' என்ற விளம்பரத்தை முழுதாக நம்பிவிடக் கூடாது, ஏனென்றால் வங்கியின் லாபம் நிரப்பும்போது போடப்படும் விற்பனை விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அன்றைய சந்தை விலையைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, வங்கி சொல்லும் விலையோடு கழித்துப் பார்ப்பதுதான் வழி. நிரப்பும் தொகைக்கும் ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரை, தொகையில் 1 சதவீதத்தை வரிக்குரிய மதிப்பாகக் கொண்டு அதன்மேல் 18 சதவீதம் வாங்குவார்கள், ஆகவே ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். இது பெரிய தொகையல்ல. பெரிய இழப்பு வேறிடத்தில் இருக்கிறது: அமெரிக்க டாலரை நிரப்பிக்கொண்டு சிங்கப்பூரில் தேய்த்தால், டாலரிலிருந்து வெள்ளிக்கு மாற்றுவதற்குத் தனிக்கட்டணம் விழுந்து, மார்க்கப் உள்ள அட்டைக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விடும். எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த நாட்டு நாணயத்தையே நிரப்புங்கள். பயணத்தில் வேறு நாடு குறுக்கிட்டால் பல நாணயங்களைத் தனித்தனியே வைத்துக்கொள்ளும் வகை அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

வரி பற்றி ஊரில் பேசப்படும் பேச்சுகளில் பாதி பழையவை. உள்நாட்டில் வசிப்பவர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம்; ஃபாரெக்ஸ் கார்டில் நிரப்புவதும் டெபிட் கார்டில் செலவழிப்பதும் இந்த வரம்புக்குள் வரும். வெளிநாட்டில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் செய்யும் செலவையும் இதில் சேர்க்கும் திட்டத்தை 2023 ஜூனில் மத்திய அரசு ஒத்திவைத்தது. 2025 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் பகுதிக்கே மூலத்தில் வரி வசூலிக்கப்படுகிறது, அதையும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். முதல் சில மாதச் செலவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த எல்லைப் பக்கமே போக மாட்டார்கள்.

நம் பகுதியில் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள் பலரிடம் இருப்பது ரூபே அட்டைதான். அதில் உள்நாட்டுக்கு மட்டும் உரிய அட்டையும் உண்டு, டிஸ்கவர் சின்னம் சேர்ந்த 'ரூபே குளோபல்' வகையும் உண்டு. 2018 மே மாதத்தில் சிங்கப்பூரில் ரூபே அறிமுகமானது என்றாலும், எல்லாக் கடையிலும் எடுத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் அதை மட்டும் கொண்டு போவது சரியல்ல. விசா அல்லது மாஸ்டர்கார்டு ஒன்று கட்டாயம் வேண்டும். எந்த அட்டையாக இருந்தாலும், 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டு ஏடிஎம்களிலும் கடை இயந்திரங்களிலும் மட்டுமே இயங்கும் நிலையில் தரப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாடு, இணையப் பயன்பாடு, தட்டிச் செலுத்தும் வசதி ஆகிய மூன்றையும் வங்கிச் செயலியில் நீங்களேதான் இயக்க வேண்டும். இதை ஊரிலேயே செய்துவிடுங்கள். சாங்கி விமான நிலையத்தில் நின்றுகொண்டு செயலியோடு மல்லுக்கட்டுவது வீண் தலைவலி.

இனி, படித்துவிட்டு மறந்துவிடக் கூடாத ஒன்று. சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில் 84 வெள்ளிக்குச் சாமான் வாங்கி அட்டையை நீட்டுகிறீர்கள். அது இந்திய அட்டை என்று தெரிந்தவுடன் இயந்திரத்தின் திரையில் இரண்டு தொகைகள் வரும்: மேலே 84.00 வெள்ளி, கீழே 5,733.00 ரூபாய். ரூபாய்த் தொகை பழக்கமானதாக இருப்பதால் கை தானாக அதை நோக்கிப் போகும். மேலே சொன்ன 65 ரூபாய் விலைப்படி 84 வெள்ளிக்கு 5,460 ரூபாய்தான் ஆகிறது. மீதி 273 ரூபாய், நாணயத்தை அங்கேயே மாற்றித் தந்ததற்காகக் கடைக்காரரின் வங்கியும் இடைத்தரகரும் பிரித்துக்கொள்ளும் தொகை. இதோடு முடிந்தால் பரவாயில்லை. வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் செலுத்தியதற்கென்று பல இந்திய வங்கிகள் 1 சதவீத அளவில் ஒரு கட்டணத்தையும் அதற்கு ஜிஎஸ்டியையும் பின்னால் சேர்க்கின்றன. மார்க்கப் இல்லாத அட்டையைத் தேடி வாங்கியவரும் இந்த ஒரு பொத்தானில் எல்லாவற்றையும் விட்டுவிடுவார். எப்போதும் வெள்ளியையே தேர்ந்தெடுங்கள். சில இடங்களில் பணம் வாங்கும் ஊழியர் உங்களைக் கேட்காமல் தானே ரூபாயை அழுத்திவிடுவது உண்டு. ரசீதில் ரூபாய் அச்சாகியிருந்தால், கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அதை ரத்து செய்து வெள்ளியில் போடச் சொல்லிக் கேட்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஏடிஎம்மிலும் இதே கேள்வி வேறு உருவத்தில் வரும்; இயந்திரம் சொல்லும் மாற்று விலையை ஏற்க மறுத்தாலும் பணம் வரத்தான் செய்யும்.

ஏடிஎம்மில் ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் நிலையான கட்டணம் உண்டு என்பதால், சின்னச் சின்னத் தொகையாக எடுப்பது நட்டம். முறைக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 50 வெள்ளி எடுப்பவர் 4.6 சதவீதம் கொடுக்கிறார், 400 வெள்ளி எடுப்பவர் 0.6 சதவீதம்கூடக் கொடுப்பதில்லை. கிரெடிட் கார்டில் மட்டும் ரொக்கம் எடுக்கவே வேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்த வட்டி விகிதத்தைக் கேட்டால் லேவாதேவி செய்த நம் முன்னோர்களே வாயடைத்துப் போவார்கள். தேக்கா சந்தை போன்ற இடங்களில் சிறு கடைகள் ரொக்கத்தையோ உள்ளூர்க் கணக்கிலிருந்து செலுத்தும் பேநவ், நெட்ஸ் ஆகியவற்றையோதான் விரும்பும் என்பதால், முதல் வாரச் செலவுக்கு வெள்ளி நோட்டுகளாகக் கொஞ்சம் வைத்துக்கொள்வது நல்லது. அதை விமான நிலைய முகப்பில் மாற்றாமல் ஊரிலேயே உரிமம் பெற்ற நாணய மாற்றாளரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். ரயிலிலும் பேருந்திலும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளைத் தட்டி ஏறலாம், ஆனால் வெளிநாட்டு அட்டைக்கு நாளொன்றுக்குச் சிறு நிர்வாகக் கட்டணம் சேரும். தினமும் பயணம் செய்பவர் ஈஸி-லிங்க் அட்டை வாங்கிவிடுவதே மேல்.

விடுதி அறைக்கு முன்வைப்பாக அட்டையில் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். அது ஃபாரெக்ஸ் கார்டிலோ டெபிட் கார்டிலோ நடந்தால் உங்கள் சொந்தப் பணமே சில நாள் கைக்கு வராமல் கிடக்கும். அதற்குக் கிரெடிட் கார்டுதான் ஏற்றது. படிக்கப் போகும் பிள்ளைகளுக்குத் தனிக் கிரெடிட் கார்டு கிடைப்பது கடினம், ஆகவே தந்தையின் கணக்கில் இணைப்பு அட்டை ஒன்று வாங்கி, அதற்கு வரம்பு குறித்து அனுப்பலாம்.

வேலைக்குப் போகிறவருக்கு என் யோசனை: மார்க்கப் குறைந்த விசா அல்லது மாஸ்டர்கார்டு ஒன்று முதன்மையாகவும், வேறொரு வங்கியின் அட்டை அதற்குத் துணையாகவும் இருக்கட்டும். இரண்டும் ஒரே பர்சில் இருக்கக் கூடாது. பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் வெள்ளி நிரப்பிய ஃபாரெக்ஸ் கார்டே பொருத்தம். புறப்படுவதற்கு முன், அட்டையின் ரகசிய எண்ணைக் காரைக்குடியிலேயே ஒரு முறை போட்டுப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஓடிபி வரும் இந்தியக் கைப்பேசி எண் செத்துப்போனால் அட்டையின் பாதி உயிர் போய்விடும். உள்ளூர் சிம் வாங்கியவுடன் இந்திய சிம்மைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். வங்கிச் செயலிகள் பல அந்த சிம்மோடு பிணைக்கப்பட்டவை, ஆகவே கழற்றினால் செயலியும் திறக்காது. இரண்டு சிம் போடும் கைப்பேசியில் அதை ஒரு பக்கம் வைத்து, ரோமிங்கை இயக்கி, ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் ஓடிபி கேட்காமலேயே பணம் எடுக்கப்படும் என்பதால் இணையச் செலவு வரம்பைத் தேவைக்கேற்ப ஏற்றி, வேலை முடிந்ததும் இறக்கிவிடுவது நல்லது. தெரியாத செலவு ஏதும் கண்ணில் பட்டால் அன்றே வங்கிக்குத் தெரிவித்துவிடுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பொறுப்பு உங்கள்மேல் ஏறும்.

அட்டையில் பணம் தீர்ந்து ஊரிலிருந்து அவசரமாக அனுப்ப வேண்டியிருந்தால், 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கிய யுபிஐ–பேநவ் இணைப்பு இருக்கிறது. உங்களுக்கு உள்ளூர்க் கணக்குத் திறந்தபின் குடும்பத்தினர் நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரை அனுப்பலாம். தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து அனுப்பும் வசதியைத் தந்த நான்கு வங்கிகளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் ஒன்று. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்கிய வங்கி அது என்பதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நினைவூட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

உள்ளூர் வங்கி அட்டை கைக்கு வந்த அன்றே இந்திய அட்டையில் அன்றாடச் செலவு செய்வதை நிறுத்திவிடலாம். வேலைக்காக வெளிநாடு சென்றவர் சட்டப்படி வெளிநாட்டில் வசிக்கும் இந்தியராகிவிடுவதால், ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவரின் உள்நாட்டு வரவுக்கான கணக்கு) மாற்றியாக வேண்டும்; சம்பளப் பணத்தை அனுப்ப என்ஆர்இ கணக்கைத் தனியே திறக்கலாம். ஃபாரெக்ஸ் கார்டு உள்நாட்டில் வசிப்பவருக்கு உரியது, ஆகவே அதில் மறுபடியும் நிரப்பாமல், இருக்கும் வெள்ளியைச் செலவழித்துத் தீர்த்துவிட்டு அட்டையை முடித்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் ஃபாரெக்ஸ் கார்டு வேறு கதை: அவர்கள் ஊர் திரும்பியபின் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை அதில் மிச்சம் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைத்து ரூபாயாக மாற்றிக்கொள்ள வேண்டும்.