நாய்க்குக் கார் ஒத்துக்கொள்ளவில்லையா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

செல்லப்பிராணிகளை ஏற்றிச் செல்லும் வாடகை வண்டி ஓட்டுகிறேன். எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் வழிகாட்டி நாய் ஏறலாம், வீட்டு நாய் ஏற முடியாது. அதனால் சிங்கப்பூரில் நாய் வளர்ப்பவர்கள் என்றைக்காவது காருக்கு வந்துதான் ஆக வேண்டும். நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே கோளாறுகளைப் புதிதாக வளர்ப்பவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். கிளம்பும் முன் வயிறு முட்டச் சாப்பாடு போடக்கூடாது என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. பின் சீட்டை ஒருமுறை கழுவினால் அது தானாகத் தெரிந்துவிடும்.

“போகப் போகப் பழகிடும்”

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். யீஷூனில் ஓர் அண்ணன், ஒரு வயதுகூட ஆகாத டாய் பூடல் வைத்திருந்தார். ஞாயிறு தவறாமல் ஈஸ்ட் கோஸ்ட் பார்க். போகும்போது வாந்தி, வரும்போதும் வாந்தி. “பழகிடும் தம்பி, நம்ம பிள்ளைங்க பஸ்ல எடுக்காத வாந்தியா?” என்பார். கடைசியில், கார்பார்க் மாடியில் லிப்ட் திறந்தாலே அது உதட்டை நக்கும், கொட்டாவி விடும், எச்சில் நூல் நூலாகத் தரைவரை தொங்கும். இத்தனைக்கும் கார்க் கதவைக்கூட இன்னும் திறக்கவில்லை!

குட்டிகளுக்கு உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு முழுதாக வளர்ந்திருக்காது. பல குட்டிகளுக்கு ஒரு வயது வாக்கில் இந்தக் குமட்டல் தானாக விட்டுப்போகும். அதற்குள் கார் என்றாலே குமட்டல் என்று மனதில் பதிந்துவிட்டால், காது சரியானாலும் நாய் சரியாகாது. தானாகப் போயிருக்க வேண்டிய தொல்லையை நாமே பெட்ரோல் செலவழித்து நிரந்தரமாக்கிவிடுகிறோம்.

கொஞ்ச நாள் காரையே மறந்துவிடச் சொன்னேன். பிறகு நிற்கிற காரில் ஏற்றி, கதவைத் திறந்தே வைத்து, ஒரு துண்டு தீனி கொடுத்து இறக்கிவிட வேண்டும். அது நிம்மதியாகப் படுக்க ஆரம்பித்தால்தான் எஞ்சினைத் தொட வேண்டும். அப்புறம் புளோக்கைச் சுற்றி ஒரே ஒரு சுற்று. எச்சில் ஒழுகுகிறதா, ஒரு படி பின்னால் போங்கள். ஆசைப்பட்டு உடனே விரைவுச்சாலையில் ஏறினால் மறுபடி முதலிலிருந்துதான்.

பல மாடி கார்பார்க்

மேல் மாடியிலிருந்து சுற்றிச் சுற்றி இறங்கும்போதே சில நாய்களுக்கு வயிறு புரண்டுவிடும். வீட்டில் ஒருவர் நாயை லிப்டில் கீழே கூட்டி வரட்டும், வெளியே வந்து ஏற்றிக்கொள்ளுங்கள். இவ்வளவு சுலபமான வேலையை ஏன் யாரும் செய்வதில்லையோ!

மாத்திரை

நாம் போடும் பயண மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். நாய்க்கென்றே மாரோபிட்டன்ட் என்ற மருந்து இருக்கிறது. கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தருவார். கிளம்புவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும், லிப்டுக்குக் காத்திருக்கும்போது அல்ல. பயணத்துக்கான அளவு, சாதாரண வாந்திக்குத் தரும் அளவைவிட அதிகம். ஆகவே முன்பு வாங்கி மீந்ததை வைத்து நீங்களே கணக்குப் போடாதீர்கள். இன்னொன்று, மருந்து வாந்தியைத்தான் நிறுத்தும். பயம் போக மேலே சொன்ன பழக்கம்தான் வழி.

காரில் தொங்கும் வாசனைக் குப்பி

கழற்றுங்கள்.

மடியில் உட்கார வைப்பது

வேண்டாம். ஹார்னஸ் (உடம்பைச் சுற்றிக் கட்டும் வார்) போட்டு சீட் பெல்ட்டில் மாட்டுங்கள், இல்லையென்றால் கூண்டு.

மருத்துவரிடம் போக மட்டும் கார்

கார் ஏறினால் ஊசிதான் என்று நாய் முடிவு கட்டிவிடும். ஓரளவு தேறியதும் பீஷான் - ஆங் மோ கியோ பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். நாயை அவிழ்த்துவிட அங்கே வேலி போட்ட இடம் இருக்கிறது.