பதின்ம வயதுப் பிள்ளையின் உடற்கொழுப்பு: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

இங்கிலாந்தின் அரச பள்ளிகளில் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் இரண்டு முறைதான் அளப்பார்கள்: ரிசெப்ஷன் வகுப்பில் (4–5 வயது) ஒருமுறை, இயர் 6-இல் (10–11 வயது) ஒருமுறை. உங்கள் பிள்ளை செகண்டரி பள்ளியில் நேரடியாகச் சேர்ந்திருந்தால் அங்கே அளவெடுக்க மாட்டார்கள். வீட்டில் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவர்) போனால் பி.எம்.ஐ. (உடல் எடைக் குறியீடு) கணக்கிடுவார்கள். எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்து, வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய சென்டைல் வரைபடத்தில் (நூறு பிள்ளைகளை வரிசைப்படுத்தினால் உங்கள் பிள்ளை எத்தனையாவது இடம் என்று காட்டுவது) குறிப்பார்கள். 91-க்கு மேல் போனால் அதிக எடை, 98-க்கு மேல் போனால் உடற்பருமன். நம் பிள்ளைகளுக்கு இது மட்டும் போதாது. ஒரே பி.எம்.ஐ. உள்ள வெள்ளையினப் பிள்ளையைவிடத் தெற்காசியப் பிள்ளைக்குச் சராசரியாகத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அதுவும் வயிற்றைச் சுற்றியே சேரும். கறுப்பினப் பிள்ளைகளிடம் இது மறுதலை, அவர்களுடைய கொழுப்பை பி.எம்.ஐ. கூட்டிக் காட்டுகிறது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் யாஜ்னிக், யுட்கின் என்ற இரு மருத்துவர்கள் தங்கள் அளவுகளையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. வெள்ளையரான யுட்கினின் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியரான யாஜ்னிக்கின் கொழுப்பு 21.2 சதவீதம். பெரியவர்களில் தெற்காசியருக்கு அதிக எடைக்கான பி.எம்.ஐ. எல்லையை 25-இலிருந்து 23-ஆகக் குறைத்திருக்கிறார்கள். ஆனால் 18 வயதுக்குக் கீழே எல்லா இனத்தவருக்கும் ஒரே வரைபடம்தான்.

ஆகவே இடுப்பளவையும் கட்டாயம் எடுங்கள். தையல் டேப் போதும். சட்டையை உயர்த்தி, விலாவின் கடைசி எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே டேப்பைக் கிடைமட்டமாகச் சுற்றுங்கள். பிள்ளை இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும்போது அளவைப் படியுங்கள். கால்சட்டைப் பட்டி இருக்கும் இடத்தில் அளப்பதும், பிள்ளை வயிற்றை உள்ளே இழுப்பதும்தான் வழக்கமான தவறுகள். இரண்டு முறை எடுத்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் எடுங்கள்.

இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 5 வயதுக்கு மேல் எல்லா இனத்தவருக்கும் இதுவே அளவுகோல்; இடுப்பளவை உயரத்தால் வகுத்து வரும் விகிதம் 0.5 முதல் 0.59 வரை என்றால் கவனிக்க வேண்டிய நிலை, 0.6-ஐத் தொட்டால் ஆபத்து அதிகம். 13 வயதுப் பையன், உயரம் 158 செ.மீ., எடை 50 கிலோ என்றால் பி.எம்.ஐ. 20, வரைபடத்தில் சாதாரணம். ஆனால் இடுப்பு 81 செ.மீ. என்றால் விகிதம் 0.51. மருத்துவரிடம் சொல்ல வேண்டிய எண் இதுதான்.

கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை இயந்திரங்களை அப்படியே நம்ப வேண்டாம். அவை காலில் மெல்லிய மின்சாரம் செலுத்தி உடலின் நீரை ஊகித்து, அதிலிருந்து கொழுப்பைக் கணக்கிடுகின்றன. விளையாடி வியர்த்த பிறகும் தண்ணீர் குடித்த பிறகும் எண் மாறும். அந்தச் சூத்திரங்கள் எந்த இனப் பிள்ளைகளை வைத்து உருவானவை என்பதும் பெட்டியில் இருக்காது. காலையில், சிறுநீர் கழித்த பின், வெறுங்காலில், மாதம் ஒருமுறை அதே இயந்திரத்தில் நின்றால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் தெரியும். பருவமடையும்போது பெண்பிள்ளைகளுக்குக் கொழுப்பு கூடுவது இயல்பு. அதற்காகச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

ஜி.பி. பதிவுப் படிவத்தில் இனம் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். இந்தியர் என்று தனிக் கட்டம் உண்டு, இலங்கையருக்கு இல்லை. ‘வேறு ஆசியப் பின்னணி’ என்பதைத் தேர்ந்து, பக்கத்தில் இலங்கைத் தமிழர் என்று எழுதுங்கள். பிள்ளைக்கு 18 ஆனதும் 23 என்ற எல்லையைப் பயன்படுத்துவதற்கு இந்தப் பதிவு வேண்டும்.

பிடரியிலோ அக்குளிலோ தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் போல் இருக்கிறதா என்று பாருங்கள். தேய்த்தாலும் போகாது, அழுக்கு என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். அதோடு இடுப்பு விகிதம் 0.5-ஐத் தாண்டி, குடும்பத்தில் சர்க்கரை நோயும் இருந்தால், பி.எம்.ஐ. எதுவாக இருந்தாலும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.