கிராஸ்ஓவர் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: பாட்டு வருகிறது என்று ஏமாறாதீர்கள்

ஆம்ப்ளிஃபயரில் ஒரு ஒயரை மாற்றிக் கொடுத்தால் ஃபியூஸ் போகும், இல்லையென்றால் புகை வரும். தப்பு நடந்தது உடனே தெரிந்துவிடும். தடித்த சத்தத்தை வூஃபர் என்ற பெரிய ஸ்பீக்கருக்கும், கீச்சுச் சத்தத்தை ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரில் அந்த வசதி கிடையாது. பாதி தப்பாகக் கட்டியிருந்தாலும் பாட்டு வந்துகொண்டே இருக்கும். ரங்கூனில் நான் முதன்முதலில் செய்த ஜோடிப் பெட்டியில் இடது பக்க ட்வீட்டர் பாதி நாள் ஊமையாகவே இருந்திருக்கிறது. எட்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்த மாமா ஒருவர், "ஏம்பா, ஜால்ரா எல்லாம் வலது பக்கத்திலேயே கேக்குது?" என்றபோதுதான் பெட்டியைத் திறந்தேன். கண்டென்சரின் காலில் ஈயம் உருண்டையாக உட்கார்ந்திருந்தது. விரலால் தொட்டால் கால் அதற்குள்ளேயே சுழன்றது.

குற்றம் என்னுடையதுதான், கரண்டுக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு. சாயங்காலம் ஆனால் எங்கள் தெருவில் 230 வோல்ட் 180க்கு இறங்கிவிடும். 60 வாட் சால்டரிங் அயர்ன் அப்போது ஏறக்குறைய 37 வாட்தான் தரும். வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வாட் அதன் வர்க்கக் கணக்கில் குறையும். டிரான்சிஸ்டர் காலுக்கு அது போதும். ஆனால் கிராஸ்ஓவரில் உள்ள காயிலின் (கம்பிச் சுருளின்) கம்பி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். 60/40 ஈயம் 183 முதல் 190 டிகிரிக்குள் உருகும், அதனால் அயர்னின் முனையில் பட்டவுடன் ஓடிவிடும். கம்பி அந்தச் சூட்டுக்கு வந்திருக்காது. ஈயம் அதன்மேல் ஒட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். எனவே சூடாக்க வேண்டியது கம்பியை. அயர்னை ஒரு பக்கம் அழுத்திவிட்டு, ஈயத்தை எதிர்ப்பக்கம் கம்பியில் தொடுங்கள். கம்பியே உருக்கினால்தான் ஜாயின்ட். கூர்முனையைவிடத் தட்டையான உளிமுனை நல்லது. பாதி வேலையில் கரண்ட் போனால், வந்தபிறகு அந்த ஜாயின்ட்டை முழுக்க உருக்கிப் புதிதாகப் போடுங்கள். அப்புறம், கால்களை முதலில் முறுக்கிப் பிணைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் எப்போதும் அதிர்வு இருக்கும், பிடிமானம் முழுவதையும் ஈயத்தின் தலையில் கட்டக்கூடாது.

காயில் கம்பி பார்க்கச் செம்பு போலத்தான் மின்னும். மேலே ஈயத்தை ஒட்டவிடாத எனாமல் பூச்சு இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சில வகை எனாமல் அயர்ன் சூட்டில் தானே எரிந்து போகும், சில வகை எதற்கும் அசையாது. எது என்று யோசிப்பதைவிட, உப்புத்தாளால் சுற்றிலும் தேய்த்துச் செம்பின் இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தபின், மெல்லிய ஈயப்பூச்சு கொடுத்துவிட்டு மற்றதோடு சேர்ப்பது நிம்மதி.

எங்கள் ஊர் மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே கடைசியில் தொடங்கினால் அக்டோபர் வரை சுவரே வியர்க்கும். தகரம் பற்றவைப்பவர்கள் பயன்படுத்தும் ஆசிட் பேஸ்ட்டை ஸ்பீக்கருக்குப் போட்டால் ஈயம் அழகாக ஓடும், உண்மைதான். ஒரு மழைக்காலம் போனால் ஜாயின்ட்டைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கும். ரோசின் உள்ளே வைத்த ஈயக்கம்பியே போதும். பாகங்களை ஒட்டுவதற்குச் சிலிக்கோன் வாங்கும்போதும் இதே எச்சரிக்கை: புளித்த வினிகர் வாடை அடிக்கும் வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும், செம்பை அரிக்கும். வாடையில்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். சூட்டுப் பசை மலிவு, ஆனால் பக்கத்தில் 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் இருந்தால் அதன் சூட்டில் பசை இளகிவிடும். அந்த ரெசிஸ்டரைப் பலகையிலிருந்து சற்று உயர்த்தி, கண்டென்சர்மேலும் பெட்டிக்குள் திணித்த பஞ்சிலும் படாமல் வையுங்கள்.

இனி காயில்களுக்கு வருவோம். ஈயத்தில் கவனமாக இருப்பவர்கள்கூட இங்கே சறுக்குகிறார்கள். பலகையில் அழகாக இருக்கட்டும் என்று இரண்டு காயிலையும் அருகருகே ஒரே மாதிரி படுக்கவைப்பார்கள். ஒன்றின் காந்தப்புலம் மற்றதற்குள் நுழையும். வூஃபருக்குப் போக வேண்டிய சத்தத்தில் கொஞ்சம் ட்வீட்டர் பக்கம் கசியும். படத்தில் வரைந்த சர்க்கியூட் ஒன்று, பெட்டிக்குள் வேலை செய்வது வேறொன்று. ஒன்றைப் படுக்கவைத்தால் மற்றதை நிறுத்திவையுங்கள், முடிந்தவரை தள்ளியும் வையுங்கள். காற்றுக்கரு காயிலின் (நடுவில் இரும்பு இல்லாத சுருளின்) நடுவில் இரும்பு போல்ட் போட்டு முடுக்காதீர்கள், அதன் மில்லி ஹென்றி மதிப்பு ஏறிவிடும். பித்தளை போல்ட் அல்லது பிளாஸ்டிக் கட்டுப்பட்டை போதும். வூஃபர் காந்தத்தின் முதுகிலும் ஒட்டிவைக்க வேண்டாம். எலி கடிக்காமல் இருக்கட்டும் என்று முழு கிராஸ்ஓவரையும் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. எலி தோற்றது, காயிலும் தோற்றது.

ஓம் கணக்கு இங்கே இன்னொரு கண்ணி. ஜப்பானிலிருந்து வரும் பழைய பெட்டிகளைப் பிரித்து ஸ்பீக்கர் எடுப்பது எங்களிடம் சகஜம். அவற்றில் 6 ஓம் நிறைய. கடையில் கிடைக்கும் கிராஸ்ஓவரோ 8 ஓமுக்குச் செய்தது. 8 ஓம் ட்வீட்டருக்கு முன்னால் ஒரு 6.8 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் போட்டால் வெட்டு, அதாவது அதற்குக் கீழே உள்ள சத்தம் ட்வீட்டருக்குக் குறையத் தொடங்கும் இடம், சுமார் 2,900 ஹெர்ட்ஸில் விழும். அதே கண்டென்சருக்கு 6 ஓம் ட்வீட்டர் என்றால் 3,900. இடையில் ஒரு பள்ளம். பாடகர் சற்றுத் தூரத்தில் நின்று பாடுவது போல இருக்கும். பழி வூஃபர்மேல் போகும்.

கண்டென்சர் துருவமில்லாததாக, அதாவது பிளஸ் மைனஸ் பாராமல் போடக்கூடியதாக, இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் சாதாரண எலெக்ட்ரோலிட்டிக் இரண்டின் மைனஸ் கால்களைச் சேர்த்துப் பயன்படுத்தலாம், மதிப்பு பாதியாகும்: இரண்டு 10 சேர்ந்தால் 5. பழைய பெட்டியில் கழற்றியதை அப்படியே போடாதீர்கள், உள்ளே காய்ந்து போயிருக்கும்.

ட்வீட்டரின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதே என்று "திருத்துகிறவர்களும்" உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் காயிலும் கண்டென்சரும் சேர்ந்து வரும் 12 டெசிபல் வகை கிராஸ்ஓவரில் வெட்டும் இடத்தில் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று எதிராக அசையும். அதைச் சமன்செய்யத்தான் பல டிசைன்களில் ட்வீட்டரை வேண்டுமென்றே திருப்பிக் கொடுப்பார்கள். படத்தில் எப்படியோ அப்படியே விடுங்கள். வூஃபரின் பிளஸ் எது என்று சந்தேகம் வந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கோன் (ஸ்பீக்கரின் கூம்பு) முன்னால் வந்தால் பேட்டரியின் பிளஸ் பட்ட முனைதான் பிளஸ். ட்வீட்டரில் இந்த விளையாட்டு வேண்டாம். அதன் முனைகளில் ஈயம் வைப்பதும் இரண்டு மூன்று நொடிக்குள் முடிய வேண்டும், பிளாஸ்டிக் இளகினால் உள்ளே உள்ள மெல்லிய கம்பி விட்டுப்போகும்.

பெட்டியை மூடுவதற்கு முன் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து வூஃபர் பக்கம், ட்வீட்டர் பக்கம் இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துத் தனித்தனியே பாருங்கள். 8 ஓம் வூஃபர் பக்கம் 6, 7 என்று காட்டும். ட்வீட்டர் பக்கத்தில் கண்டென்சர் வழியை அடைப்பதால் எண் ஏறி, வழியே இல்லை என்று காட்டும் ஓப்பன் ஆகிவிட வேண்டும். அங்கே 5, 6 என்று நின்றால் ஏதோ ஷார்ட், ஆம்ப்ளிஃபயரில் மாட்டாதீர்கள். கடைசியாக மோனோவில் ஒரே பாட்டை இடது, வலது என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். ஜால்ரா இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்டால் திருகுகளை முடுக்கலாம். முடுக்கும்போது ஸ்குரூடிரைவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வூஃபர் காந்தம் அதை இழுத்துக் கோனில் குத்தவைக்கும், என் வீட்டு இரண்டாவது ஜோடியில் அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது.