புதுச்செடி என்று அறிவிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியலில் இதுவரை பதிவாகாத ஒரு புதுச்செடியின் விவரிப்பு பெரும்பாலும் எழுதும்போது கெடுவதில்லை, பறிக்கும்போதே கெட்டுவிடுகிறது. மேசையில் செய்த பிழையை மறுநாள் திருத்தலாம். திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைக்கு மேலே குதிரைவெட்டிப் பக்கம் ஓடையோரத்தில் குறிக்காமல் விட்ட பூவின் நிறத்துக்கு, அடுத்த பூக்கும் பருவம் வரை காத்திருக்க வேண்டும்.

காசித்தும்பைப் பேரினத்தையே எடுத்துக்கொள்வோம். பொதிகையின் ஈரப்பாறைகளில் இதன் காட்டுச் சிற்றினங்கள் பல உண்டு. பூவின் கீழ்ப் புல்லி இதழ் பின்பக்கம் வாலாக நீளும். அந்த வாலின் நீளம், வளைவு, நுனி, பக்கத்து அல்லி இதழ்கள் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும் விதம், இவற்றை வைத்துத்தான் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறோம். ஆனால் செடியை முழுசாகச் செய்தித்தாளில் வைத்து அழுத்தினால் பூ கண்ணாடித்தாள் மாதிரி ஒட்டிப்போகும். எது புல்லி, எது அல்லி என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதனால் நாலைந்து பூக்களை அங்கேயே 70 சதவீத ஆல்கஹாலில் போட்டுவிடுங்கள். இன்னொரு பூவை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒரு தாளில் பரப்பித் தனியாக அழுத்துங்கள். ஆல்கஹால் நிறத்தை உறிஞ்சிவிடும் என்பதால், போடும் முன்பே நிறத்தை எழுதி, அளவுகோலை வைத்துப் படமும் எடுக்க வேண்டும். முற்றிய காய் தொட்டதும் வெடிக்கும். விதையும் சிற்றினத்தைப் பிரிக்க உதவும் என்பதால், காயின் மேல் ஒரு சின்ன உறையை மாட்டிய பிறகு பறிப்பது நல்லது.

அடுத்தது, ஒரே செடியை அளந்துவிட்டு அதுதான் அந்தச் சிற்றினம் என்று எழுதுவது. தண்ணீர் தெறிக்கும் நிழலில் முழங்கால் உயரம் நிற்கிற செடி, வெயில் படும் பாறையிடுக்கில் விரல் உயரத்திலேயே பூத்துவிடும். பல செடிகளை அளந்து, குறைந்த அளவையும் கூடிய அளவையும் கொடுங்கள். பச்சையில் அளந்ததா, உலர்ந்த பிறகு அளந்ததா என்பதையும் எழுதுங்கள். இரண்டையும் கலந்து எழுதிய விவரிப்பை வைத்துப் பின்னால் வருகிறவர் எதையும் ஒப்பிட முடியாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, முன்பு பறித்து உலர்த்திப் பாதுகாத்து வைத்திருக்கும் பழைய செடி மாதிரிகளைப் பார்க்காமலே ‘புதிது’ என்று முடிவு கட்டுவது. பிரிட்டிஷ் தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1830-களிலேயே குற்றாலத்தில் செடி சேகரித்தவர். அதற்கப்புறம் வனத்துறை அதிகாரி பெடோம் இந்த மலைகளில் அலைந்து சேகரித்தார். தாவரவியலாளர் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. நமக்குப் புதிதாகத் தெரிகிற செடி, லண்டன் கியூ தோட்டத்தில் நூற்றைம்பது வருஷமாக வேறு பெயரில் இருக்கலாம். வைட்டின் மாதிரிகள் பலவற்றில் ஊர்ப்பெயரே இருக்காது, இந்தியத் தீபகற்பம் என்று மட்டும் இருக்கும். ஆகவே ‘திருநெல்வேலி’ என்று தேடிக் கிடைக்கவில்லை என்பதால் விட்டுவிடக் கூடாது. கியூவில் உள்ள மாதிரிகளின் படங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தொகுப்பு இருக்கிறது, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலும் ஒன்று இருக்கிறது. இதே மலையின் மேற்குச் சரிவு கேரளா. செடிக்கு மாநில எல்லை கிடையாது, அந்தப் பக்கத்துச் சிற்றினங்களையும் இலங்கையின் சிற்றினங்களையும் ஒப்பிட்டே ஆக வேண்டும். ‘நெருங்கிய சிற்றினத்திலிருந்து இன்னின்ன வகையில் வேறுபடுகிறது’ என்ற பத்திதான் விவரிப்பின் உயிர். பல பேர் அதைத்தான் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

செடிக்குப் பெயரிடும் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2012 முதல் விவரிப்பு இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். மூலமாதிரி, அதாவது பெயருக்கு ஆதாரமான மாதிரி எது, அது எந்தத் தொகுப்பகத்தில் (உலர்செடி மாதிரிகளைக் காக்கும் இடம்) இருக்கிறது என்று குறிக்காவிட்டால் பெயர் செல்லாது. ஆள் பெயரைச் சூட்டினால் ஆணுக்கு ஒரு இலத்தீன் விகுதி, பெண்ணுக்கு வேறு விகுதி. அதே பெயர் அந்தப் பேரினத்தில் முன்பே இருக்கிறதா என்றும் பாருங்கள். நாளிதழில் முந்திக்கொண்டு பெயரைச் சொல்வதால் பலன் இல்லை. 1953 முதல் பொது நாளிதழில் வருவதை விதி வெளியீடாகவே எடுத்துக்கொள்வதில்லை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி புதுச் சிற்றினத்தின் மாதிரியை அரசு குறித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் கால் வைக்கும் முன்பே வனத்துறை அனுமதி வேண்டும்.

பாபநாசம் மேலே இருக்கிற காணிப் பழங்குடி மக்கள் வழி காட்டியிருந்தால், அவர்கள் அந்தச் செடியை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். நன்றிப் பகுதியில் ‘உள்ளூர் உதவியாளர்’ என்று போடுவது அநியாயம். ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை ஆய்வாளர்களுக்குக் காட்டியவர்களே கேரளப் பக்கத்துக் காணிகள்தான்.

அப்புறம், செடி நிற்கிற இடத்தைத் துல்லியமாக அச்சில் போடாதீர்கள். அகத்தியமலையில் மட்டும் வளரும் டுரூரி ஆர்க்கிட், 1865-இல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு விற்பனைக்காகப் பறித்துப் பறித்தே காட்டில் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. கட்டுரையில் மலையின் பெயரும் உயரமும் போதும். சரியான அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் வனத்துறையிடமும் தொகுப்பகத்திடமும் கொடுத்துவிடுங்கள்.