'மீதியில் கால்' என்றால் எதில் கால்?

வீட்டில் தொடக்கநிலை 5 படிக்கும் பிள்ளை இருந்தால் இந்த மாதிரிக் கணக்கை நிச்சயம் பார்த்திருப்பீர்கள்:

மீனா தீபாவளிக்குக் கிடைத்த காசில் 2/5 பங்குக்கு ஒரு பை வாங்கினாள். மீதியில் 1/4 பங்குக்குத் தேக்காவில் பிரியாணி சாப்பிட்டாள். கையில் 27 வெள்ளி மிச்சம். முதலில் அவளிடம் எவ்வளவு இருந்தது?

நாமாக இருந்தால் 'எக்ஸ் என்க' என்று தொடங்கிவிடுவோம். பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் இன்னும் வரவில்லை. அவர்கள் பட்டை வரைவார்கள், 'மாடல்' என்பார்கள். 1980களில் கோ தெக் ஹோங் தலைமையில் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் குழு உருவாக்கிய முறை இது. பெற்றோர் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

முதலில் சுலபமான ஒன்று. ரவி தன் காசில் 3/8 பங்கைச் செலவழித்தான்; மிச்சம் 25 வெள்ளி. பின்னத்தில் கீழே உள்ள எண் 8, அதனால் 8 கட்டம் போடுங்கள். அடிக்கோல் வேண்டாம், அகலம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் சரி.

| செலவு | செலவு | செலவு | ? | ? | ? | ? | ? |

5 கட்டம் 25 வெள்ளி என்றால் ஒரு கட்டம் 5 வெள்ளி. 8 கட்டம் 40 வெள்ளி. அவ்வளவுதான்.

இனி மீனாவுக்கு வருவோம். பேனாவை எடுக்குமுன் கணக்கில் பின்னத்துக்கு நேர் முன்னால் வரும், 'இல்' என்று முடியும் சொற்களை வட்டமிடச் சொல்லுங்கள்: 'காசில்', 'மீதியில்'. எந்தப் பட்டையை வெட்டவேண்டும் என்பதை அந்தச் சொல்தான் சொல்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். 2/5, 1/4 இரண்டையும் பார்த்தவுடன் கூட்டிவிடுவார்கள். கூட்டக்கூடாது, இரண்டும் வேறு வேறு பட்டையின் துண்டுகள்.

'காசில் 2/5'. முழுக் காசுக்கு 5 கட்டம்.

| பை | பை | மீதி | மீதி | மீதி |

'மீதியில் 1/4'. மூன்று கட்டத்தை நான்காக எப்படி வெட்டுவது? ஒவ்வொன்றையும் நான்காக்கி 12 துண்டு செய்யலாம், தவறில்லை. ஆனால் படம் சல்லடையாகிவிடும். எனக்குப் பிடித்தது, மீதியை மட்டும் கீழே இறக்கிப் புதுப் பட்டையாக வரைவது. மேலே மூன்று 'மீதி' கட்டங்களும் சேர்ந்து எவ்வளவு நீளமோ, கீழ்ப் பட்டையும் அதே நீளம். அதில் 4 கட்டம்.

| பிரியாணி | மிச்சம் | மிச்சம் | மிச்சம் |

இப்போது கீழிருந்து மேலே ஏறவேண்டும். மிச்சம் 3 கட்டம் 27 வெள்ளி, ஒன்று 9. கீழ்ப் பட்டை முழுவதும் 36 வெள்ளி. மேலே உள்ள மூன்று 'மீதி' கட்டங்களும் அதே 36தான். அப்படியானால் மேலே ஒரு கட்டம் 12, ஐந்தும் சேர்ந்து 60 வெள்ளி.

கீழே ஒரு கட்டம் 9, மேலே ஒரு கட்டம் 12. இரண்டும் ஏன் சமமில்லை என்று பிள்ளை கேட்டால் மகிழுங்கள், புரிய ஆரம்பித்துவிட்டது.

சரிபார்ப்போம்: பை 24, பிரியாணி 9, மிச்சம் 27. கூட்டினால் 60.

அப்புறம், பயிற்சிக்கு ஒன்று. குமார் தன் காசில் 1/3 பங்குக்குப் பந்து வாங்கினான். மீதியில் 2/5 பங்குக்குக் கதைப்புத்தகம். மிச்சம் 18 வெள்ளி. முதலில் எவ்வளவு?

விடை 45 வெள்ளி. 67 வெள்ளி 50 காசு என்று வந்திருந்தால், 'மீதியில்' என்ற சொல்லை வட்டமிட மறந்துவிட்டீர்கள்.