ஜப்பானுக்கு ஊழிய அழைப்பு வந்திருக்கிறதா? முதல் சில வாரங்களை ஓட்டும் வழி

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையிலிருந்து வந்த ஊழிய அழைப்பில் 'ஜப்பான்' என்று பார்த்ததும் வீட்டில் எல்லாரும் கேட்பது, "அந்த எழுத்தை எப்படிடா படிப்ப?" என்றுதான். அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். பயிற்சி மையத்தில் சில வாரம் உட்கார வைத்து அடிப்படையைச் சொல்லித் தருவார்கள், மீதி தெருவில் வந்துவிடும். பையன்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம் ஊழியம். அத்தனை நாளில் எந்த மொழியும் ஓரளவு நாக்கில் படிந்துவிடும். கம்பானியனோடு, அதாவது கூடவே ஊழியம் செய்யும் ஜோடியோடு, ஒரே வீட்டில் குப்பை கொட்டுவதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நம்மை 'மார்மன்' என்று ஊரே சொன்னாலும், 2018 முதல் சபை அந்தப் பெயரைத் தவிர்க்கச் சொல்கிறது. சட்டைப் பையில் மாட்டும் கறுப்பு பேட்ஜில் சபையின் முழுப் பெயர்தான் இருக்கும். யாராவது "மார்மனா?" என்று கேட்டால் திருத்திக்கொண்டு நிற்காதீர்கள், சிரித்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

1. பெட்டி கட்டுதல்

வெள்ளைச் சட்டை எத்தனை, சூட் என்ன நிறம் என்பதெல்லாம் மிஷன் (அந்தப் பகுதி ஊழியத்தை நடத்தும் சபை அமைப்பு) அனுப்பும் பட்டியலில் இருக்கும். அதில் கண்ணில் படாமல் போவது ஷூவும் சாக்ஸும். ஜப்பானிய வீட்டு வாசலுக்குள் ஒரு படி தாழ்ந்த இடம் இருக்கும், அதுதான் கென்கான். ஷூவை அங்கே கழற்றிவிட்டு, சாக்ஸ் காலை நேராக மேல்தளத்தில் வைக்க வேண்டும். கழற்றிய இடத்தையே சாக்ஸோடு மிதித்தால் வீட்டம்மா ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் பார்த்துவிடுவார். ஏறியதும் திரும்பிக் குனிந்து, ஷூவின் முனை வாசலைப் பார்க்கும்படி வையுங்கள். ஒரு நாளில் பல தடவை இதைச் செய்ய வேண்டியிருப்பதால், நாடா அவிழ்க்காமல் மாட்டக்கூடிய ஷூ வாங்குங்கள். சாக்ஸில் ஓட்டை இருந்தால் அன்றே தூக்கிப் போடுங்கள்.

2. காலை 6:30

எழுந்ததும் ஃபூதோனை, அதாவது தரையில் விரிக்கும் மெத்தையை, மடித்து அலமாரியில் வையுங்கள். தரையிலேயே விட்டால் அடியில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் அரை மணி நேரம் உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு, வேதப் படிப்பு, மொழிப் படிப்பு, அன்றைய திட்டம். இரவு 10:30க்கு விளக்கை அணைக்க வேண்டும்.

குப்பையைக் காலையிலேயே வைத்துவிட வேண்டும். எரியும் குப்பைக்கு ஒரு நாள், பிளாஸ்டிக்குக்கு வேறு நாள், ஊருக்கு ஊர் விதி மாறும். வார்டு அலுவலக அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். அந்தத் தெருவில் சபையைப் பற்றிய முதல் அபிப்பிராயம் உங்கள் குப்பைப் பையில் இருந்துதான் உருவாகும்.

3. கம்பானியன்

விதி இதுதான்: இருவரும் எப்போதும் ஒருவருக்கொருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குளியலறை, கழிப்பறை, மிஷன் தலைவரோடு தனிப் பேட்டி போன்றவைதான் விலக்கு. முதலில் வருபவர் உங்கள் டிரெய்னர். அவர் யூட்டாவில் வளர்ந்தவராக இருக்கலாம், ஒசாக்காக்காரராக இருக்கலாம். உங்களைவிட ஒரு வருடம்தான் மூத்தவர் என்றாலும் ஊரும் வழியும் அவருக்குத்தான் தெரியும்.

சண்டை கோட்பாட்டில் வராது, சின்ன விஷயத்தில்தான் வரும். அவர் அலாரத்தை மூன்று தடவை தள்ளிப்போடுவார். நீங்கள் கடுகு தாளிப்பீர்கள், அந்த வாசனை அதே அறையில் தொங்கும் அவருடைய சூட்டில் ஏறிவிடும். தாளிக்கும் முன் சூட்டை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள், சமையலறை மின்விசிறியைப் போடுங்கள். எண்ணெய் தெறித்த அடுப்பை அன்றைக்கே துடைத்துவிடுங்கள்.

வாரத் திட்டமிடலின்போது, ஒருவரைப் பற்றி ஒருவர் மனம் விட்டுப் பேச நேரம் உண்டு. பல பேர் "எல்லாம் சரிதான்" என்று சொல்லி அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு குறை, அதையும் 'நீ இப்படி' என்று ஆரம்பிக்காமல், "காலையில் ஏழு மணி வரை எனக்குப் பேச்சு வராது, தப்பா எடுத்துக்காதே" என்கிற மாதிரி சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொல்வதைக் கேட்டு முடிக்கும் வரை பதில் சொல்லாதீர்கள்.

மிஷன் தலைவருக்கு வாராவாரம் எழுதும் கடிதத்தில் கம்பானியனைப் பற்றிக் கோள் சொல்லாமல் இருப்பது நல்லது. ஆனால் அவர் கை நீட்டினாலோ, உங்களுக்குப் பாதுகாப்பில்லை என்று தோன்றினாலோ கடிதத்துக்குக் காத்திருக்காமல் அன்றே தலைவருக்குப் போன் போடுங்கள். 'சகித்துக்கொள்' என்ற அறிவுரை அந்த இடத்தில் செல்லாது.

4. சைக்கிள்

பல ஊர்களில் வண்டி என்றால் சைக்கிள்தான். அதற்குப் பதிவு எண் உண்டு. போலீஸ்காரர் நிறுத்தி எண்ணைச் சரிபார்த்தால் பதற வேண்டாம், குடியிருப்பு அட்டையைக் காட்டுங்கள். அந்த அட்டை இல்லாமல் வெளியே இறங்கவே கூடாது, அது சட்டம். மழையில் ஒரு கையில் குடை பிடித்து ஓட்டுவதும் குற்றம், அதனால் முதல் வாரமே நல்ல மழைக்கோட்டு வாங்குங்கள். ஹெல்மெட் போட முயல வேண்டும் என்று 2023 ஏப்ரலில் நாட்டுச் சட்டமே சொல்லிவிட்டது.

5. கதவுக்கு வெளியே

அழைப்பு மணியை அழுத்தினால் பெரும்பாலும் கதவு திறக்காது. கேமரா வைத்த ஸ்பீக்கரில் இருந்து "கெக்கோ தெஸ்" என்று மரியாதையாக வேண்டாம் சொல்லிவிடுவார்கள். நன்றி சொல்லித் தலை வணங்கிவிட்டு நகருங்கள். கேமராவில் இன்னும் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அங்கேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதில் மனம் விட்டுப்போனால் ஒரு பழைய கதை உதவும். 1901ல் ஹீபர் ஜே. கிராண்ட் யோக்கோஹாமாவில் வந்திறங்கி ஜப்பான் ஊழியத்தைத் தொடங்கினார். 1924ல் மிஷனை மூடினார்கள், அப்போது சபையின் தலைவர் அதே கிராண்ட். 1948ல்தான் மறுபடி திறந்தார்கள். தொடங்கி வைத்தவர் காலத்திலேயே மூடிய வேலை இது, ஒரு மழைநாளில் நாலு கதவு சாத்தினால் என்ன?

கதவு தட்டுவதைவிட, சபைக் கட்டடத்தில் நடத்தும் இலவச ஆங்கிலப் பேச்சு வகுப்பில்தான் ஆட்கள் பழகுவார்கள் என்பது என் கருத்து. வகுப்பை வகுப்பாகவே ஒழுங்காக நடத்துங்கள். பாடத்தைக் குறைத்துப் பிரசங்கம் செய்தால் அடுத்த வாரம் நாற்காலி காலியாக இருக்கும்.

6. டீ கொடுத்தால்

டீ, காபி, மது, புகையிலை நமக்குக் கிடையாது. ஜப்பானில் விருந்தாளிக்கு முதலில் வருவது டீ. முகிச்சா என்னும் வறுத்த பார்லித் தண்ணீர் குடிக்கலாம், அதில் தேயிலை இல்லை. ஹோஜிச்சா கூடாது, அது வறுத்த தேயிலை. இரண்டும் கண்ணாடி டம்ளரில் ஒரே பழுப்பு நிறம். அதனால் உட்காரும்போதே "தண்ணீர் கிடைத்தால் போதும்" என்று சொல்லிவிடுங்கள். ஊற்றிக் கொண்டுவந்த பிறகு மறுப்பதுதான் சங்கடம்.

7. பி-டே

பி-டே என்றால் ஆயத்த நாள் (Preparation Day): வாரத்தில் ஒரு நாள் மாலை 6 மணி வரை துணி துவைக்க, கடைக்குப் போக, முடிவெட்ட, ஊர் சுற்ற. 2019க்கு முன் வீட்டுக்குப் போன் பேசுவதே வருடத்தில் இரண்டு தடவைதான், இப்போது வாராவாரம் பேசலாம். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 10 மணிக்கு அழைத்தால் ஊரில் ஆறரை, அப்பா வேலைக்குக் கிளம்பியிருக்க மாட்டார். அங்கே மாலை 5 மணிக்கு அழைத்தால் இங்கே மதியம் ஒன்றரை, அம்மா மட்டும்தான் கிடைப்பார்.

8. மாற்றல்

ஆறு வாரத்துக்கு ஒரு தடவை பட்டியல் வரும். ஊர் மாறலாம், கம்பானியன் மாறலாம், எதுவும் மாறாமலும் போகலாம். மாற்றல் வந்தால் பெரிய பெட்டியை தக்யூபின் பார்சலில் அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கைப்பையோடு ரயில் ஏறுங்கள். பார்சல் மறுநாள்தான் வந்து சேரும் என்பதால், ஒரு இரவுக்கான துணியையும் பேஸ்ட் பிரஷையும் அந்தக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.