செயின்சாவுக்கு பார், செயின், ஸ்ப்ராக்கெட் மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கடையில் போய் "22 இஞ்ச் செயின் ஒன்று கொடுங்க" என்று கேட்பதிலேயே பாதிப் பிரச்சினை ஆரம்பித்துவிடுகிறது. இஞ்ச் என்பது பாரின், அதாவது செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டின் நீளம், அதுவும் மெஷினுக்கு வெளியே மரத்தை அறுக்கிற பகுதியின் நீளம், அவ்வளவுதான். செயின் பொருந்துமா என்பதை முடிவு செய்வது வேறு மூன்று எண்கள்: பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் (செயினிலிருந்து பாரின் பள்ளத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு) எண்ணிக்கை. இவை மூன்றும் கையில் இல்லாமல் காசை எடுக்காதீர்கள்.

பிட்ச் என்றால் அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தில் பாதி. முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடுவரை ஸ்கேல் வைத்துப் பாருங்கள், 16.5 மில்லிமீட்டர் வந்தால் பிட்ச் .325 இஞ்ச், கிட்டத்தட்ட 19 வந்தால் 3/8 இஞ்ச். ஆனால் 3/8 என்ற ஒரே பெயரில் இரண்டு வகை இருக்கிறது, பலர் ஏமாறுவது இங்கேதான். சின்ன மெஷின்களில் வருவது லோ புரொஃபைல், பெரிய மெஷின்களில் வருவது சாதாரண 3/8. டிரைவ் லிங்க்கின் உருவமே வேறு என்பதால் ஒன்றின் ஸ்ப்ராக்கெட்டில் (செயினை இழுத்து ஓட்டும் பல்சக்கரம்) மற்றதை ஓட்டக்கூடாது. பாரின் மூக்கில் சின்னச் சக்கரம் இருக்கிறதே, அதற்கும் பிட்ச் உண்டு. ஆக செயின், ஸ்ப்ராக்கெட், பார் மூக்கு மூன்றும் ஒரே பிட்ச்சில் இருக்க வேண்டும்.

கேஜ் என்பது டிரைவ் லிங்க்கின் தடிமன், பாரின் பள்ளமும் அதே அகலம்தான். 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று வரும். தடிமன் அதிகமான செயின் பள்ளத்துக்குள் இறங்கவே இறங்காது, அதனால் அந்தத் தவறு உடனே தெரிந்துவிடும். மெலிந்த செயின்தான் மோசம்: சுலபமாக உட்காரும், ஓடவும் ஓடும், ஆனால் பள்ளத்துக்குள் சாய்ந்து சாய்ந்து போவதால் வெட்டு ஒரு பக்கமாகக் கோணும், நீங்களும் பல்லைச் சாணை பிடித்தது சரியில்லை என்று அரத்தையே குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

எண்ணிக்கையிலும் இதே கதைதான். லோ புரொஃபைல் 3/8 செயினில் ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 180 மெஷினில் 16 இஞ்ச் பாருக்கு 55 டிரைவ் லிங்க், அதே 16 இஞ்சில் ஹஸ்க்வர்னா சின்ன மெஷினுக்கு வரும் ஓரிகான் கம்பெனி பாருக்கு 56. நம்மூரில் அதிகம் விற்கும் சீனத்து 58 சிசி மெஷின்களில் .325 பிட்ச், 1.5 கேஜ், 20 இஞ்சுக்கு 76, 22 இஞ்சுக்கு 86 என்பதுதான் வழக்கம். வழக்கம் என்றுதான் சொல்கிறேன், உங்கள் மெஷினில் எண்ணிப் பார்த்துவிடுங்கள். ஒரு லிங்க்கில் சாக்பீஸால் கோடு போட்டு, உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பற்களை எண்ணினால் போதும். பழைய செயினையும் புதியதையும் தொங்கவிட்டு நீளம் பார்ப்பது வேண்டாம், தேய்ந்த செயின் நீண்டுதான் இருக்கும்.

இந்த எண்களெல்லாம் ஏற்கெனவே பொறித்தே வருகின்றன. பாரின் வால் பக்கத்தில் ஒட்டிய எண்ணெய் அழுக்கை டீசல் துணியால் துடைத்தால் தெரியும். ஓரிகான் செயினின் டிரைவ் லிங்க்கில் 91 என்று இருந்தால் லோ புரொஃபைல் 3/8, 1.3 கேஜ். 21 என்றால் .325, 1.5 கேஜ். ஸ்டில் செயினில் டிரைவ் லிங்க்கில் இருக்கும் ஒற்றை எண் கேஜைச் சொல்லும், 3 என்றால் 1.3.

அடுத்தது பார் பொருந்துவது. நீளமும் பள்ளமும் சரியாக இருந்தாலும் போல்ட் போகும் துளை மாறலாம். ஸ்டில் பெரிய மெஷினின் பாரில் அது 12 மில்லிமீட்டர், ஹஸ்க்வர்னா பெரிய பாரில் 9. அரத்தால் ராவியோ புஷ் வைத்தோ மாட்டிவிடுவார்கள், மாட்டவும் முடியும். ஆனால் எண்ணெய்த் துளை நேராக வராமல் போனால் பார் காய்ந்து, சூடேறி, விளிம்பு நீலம் பாய்ந்துவிடும். புது பார் போட்டதும் ஒரு அட்டைக்கு எதிரே பாரின் முனையைக் காட்டி, அட்டையைத் தொடாமல் வேகமாக ஓட்டுங்கள். எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் அந்த பாரோடு ஒரு கிளையைக்கூட அறுக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட நான் வருத்தப்படுவது ஸ்ப்ராக்கெட்டுக்காகத்தான். புது செயின் வாங்குவார்கள், புது பாரும் வாங்குவார்கள், மூடிக்குள் இருப்பதால் அதை மட்டும் யாரும் பார்ப்பதே இல்லை. மூடியைக் கழற்றி, பல்லின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். செயின் தேய்த்த பள்ளம் அரை மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் மாற்ற வேண்டியதுதான், ஏனென்றால் தேய்ந்த பல்லில் பிட்ச் மாறிப்போயிருக்கும், அது புது செயினையும் சில நாளிலேயே இழுத்து நீட்டிவிடும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கிளட்ச் டிரம்மோடு ஒட்டியே வரும் ஸ்பர் வகையென்றால் முழுசாக மாற்ற வேண்டும். ரிம் வகையில் வளையம் மட்டும் தனியாகக் கிடைக்கும், செலவும் குறைவு. கிளட்ச் வெளிப்பக்கம் இருக்கும் மெஷின்களில் அதன் மரை பெரும்பாலும் இடது மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் சுத்தியலால் தட்டி உடைத்தவர்கள் நிறைய.

சின்ன மெஷினில் நீளமான பார் போடும் ஆசையும் வேண்டாம், எஞ்சின் திணறும், முனைவரை எண்ணெயும் போதாது.

புது செயின் முதல் சில நிமிடத்திலேயே கொஞ்சம் நீளும், அதனால் நிறுத்தி ஆறவிட்டு மறுபடி டென்ஷன் பாருங்கள். சூட்டில் இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள், இல்லையென்றால் ஆறும்போது சுருங்கி பாரையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் இழுக்கும்.